நுளம்பும் அதன் இனங்களும்: ஒரு வகையீட்டு வரலாறு

உயிர்களை வகுத்தறியும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உலகத்துயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, சிறகுடைய தும்பியை நண்டோடு ஒருங்கு வைத்து நான்கறிவுயிர் எனக் கூறும். புலன்களின் தொகையை அளவையாகக் கொண்ட அப்பகுப்பு மெய்யியல் நோக்கிற்குப் பொருத்தமானது. ஆயின் ஒரு தும்பியை மற்றொரு தும்பியினின்றும் பிரித்தறிவது அதன் கருத்தன்று. ஒத்த உருவினவாய்த் தோன்றும் இரு பூச்சிகள் ஒரே இனத்தைச் சார்ந்தனவா, வேறு வேறு இனத்தைச் சார்ந்தனவா என்னும் வினா பிற்காலத்தது. தொடக்கத்தில் அது நூதனசாலைகளில் ஊசி குத்தி அடுக்கப்பட்ட பூச்சிகளை நோக்கியிருந்தார்க்கே உரிய வினாவாக இருந்தது. மலேரியாக் காய்ச்சலை நுளம்பே பரப்புகின்றது என்பது வெளிப்பட்ட பின்னர், அதே வினா ஊர்களின் வாழ்வையும் அரசினரின் பொருளையும் தொட்டு நின்றது. எந்த நுளம்பு என்று அறியாதவன் எந்தக் குட்டையை மூடுவான்?

சுவீடன் நாட்டுப் பேரறிஞரான லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட இயற்கை ஒழுங்கு நூலின் பத்தாம் பதிப்பே விலங்குகளின் இருசொற் பெயரீட்டிற்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. பூச்சிகளை அவர் ஏழு வருணங்களாக வகுத்தார். அவ்வகுப்பிற்கு அவர் பெரிதும் துணைக்கொண்டது சிறகே. சிறகு உறைபோலிருப்பன, செதில் மூடியன, இரண்டே சிறகுடையன, சிறகே இல்லாதன என இவ்வாறு அவர் பகுப்புச் செல்லும். நுளம்பும் இலையானும் இருசிறகிகள் என்னும் வருணத்துள் அடங்கின. வீட்டு நுளம்பு கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் என்னும் பெயரை அந்நூலிலேயே பெற்றது. லின்னேயஸின் மாணவரான பப்பிரீசியஸ், சிறகை விடுத்து வாயுறுப்பின் அமைப்பினாற் பூச்சிகளை வகுக்க முற்பட்டார். சிறகா வாயா என்னும் அக்காலச் சொற்போர் இன்று சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினும், எவ்வுறுப்பு உறவைக் காட்டும், எவ்வுறுப்பு ஏமாற்றும் என்னும் தேர்வு வகையீட்டியலை விட்டு என்றும் நீங்கியதில்லை.

இருசிறகிகளைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஜெர்மானியரான மைகன் என்பவர். பெரிய பல்கலைக்கழகம் எதிலும் பதவி வகியாது, சிற்றூர் ஒன்றில் ஆசிரியத் தொழில் செய்து வாழ்ந்த இவர், 1818இல் அச்சேறத் தொடங்கிய தம் பெருநூலில் அனோபிலிஸ் என்னும் புதிய சாதியை நிறுவினார். கியூலெக்ஸ் பெண்ணின் வாய்க்குழலின் இருமருங்கும் உள்ள பரிசக்கொம்புகள் மிகக் குறுகியவை. அனோபிலிஸ் பெண்ணிலோ அவை குழலின் நீளத்திற்கு நீண்டிருக்கும். இவ்வொரு குறியைக் கொண்டு மைகன் இரண்டையும் பிரித்தார். சிறகிற் கரும்புள்ளிகளையுடைய ஓரினத்திற்குப் புள்ளிச்சிறகி என்னும் பொருள்பட மக்குலிபென்னிஸ் எனப் பெயரிட்டார். அனோபிலிஸ் என்னும் கிரேக்கச் சொல்லிற்குப் பயனற்றது என்பது பொருள். அப்பெயரை இட்டவர் அப்பூச்சி மனிதர்க்குச் செய்யும் கேட்டினை ஒருசிறிதும் அறிந்திலர்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அப்பெயர் பூச்சியியலாரின் ஏடுகளுக்குள்ளேயே கிடந்தது. 1880இல் அல்ஜீரியாவில் லாவறான் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் மலேரியா நோயாளரின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். அது மனிதனிலிருந்து மனிதனுக்குச் செல்லும் வழியைத் தேடியவருள் ஒருவர் இந்திய மருத்துவ சேவையைச் சார்ந்த றொனால்ட் றொஸ். செக்கந்தராபாத்தில் அவர் எத்தனையோ நுளம்புகளை அறுத்து நோக்கினார், ஒன்றும் காணப்படவில்லை. அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் சாம்பல் நிற நுளம்புகளும் வரியுடைய நுளம்புகளுமே. பூச்சியியலில் அவருக்குப் பயிற்சியில்லை. கைக்கு உதவும் நூலும் இல்லை. ஆகவே தாம் கண்டவற்றிற்குத் தாமே பெயரிட்டு வழங்கினார். 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூன்றாவது வகையொன்று அவர் கைக்குக் கிட்டியது. அது சிறகிற் புள்ளிகளையுடையது. அதன் முட்டை தோணி வடிவினது. நோயாளியின் குருதியைக் குடித்த அவ்வகை நுளம்பொன்றை அம்மாதம் 20ஆந் திகதி அறுத்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் நிறமணிகள் பொருந்திய உயிரணுக்களைக் கண்டார். இரண்டாண்டு உழைப்பு வீண்போனதன் காரணம் உழைப்பின் குறைவன்று. பிழையான இனத்தைத் தேர்ந்தமையே. தாம் வென்றது எந்த இனத்தின் துணையால் என்பதைக்கூட றொஸ் அப்போது முறையான பெயராற் சொல்ல இயலாதவராயிருந்தார்.

அக்குறையை நிரப்பியவர் இத்தாலிய விலங்கியலறிஞரான கிறாஸி. இவர் சென்ற வழி வேறு. காய்ச்சல் மிக்க ஊர்களையும் காய்ச்சலற்ற ஊர்களையும் சுற்றி, எங்கெங்கு எவ்வினங்கள் உள என எண்ணினார். வீட்டு நுளம்பு நோயற்ற இடங்களிலும் நிறைந்திருந்தது. ஆதலின் அது குற்றத்தினின்றும் நீங்கியது. எஞ்சியவற்றுள் அனோபிலிஸ் முதன்மை பெற்றது. 1898இல் கிறாஸி, பிக்னாமி, பஸ்தியனெல்லி ஆகிய மூவரும் மனித மலேரியா அனோபிலிஸ் நுளம்பினூடாகவே செல்கின்றது என்பதைப் பரிசோதனையால் நிலைநாட்டினர். முதன்மை எவருக்குரியது என்பது பற்றி றொஸுக்கும் கிறாஸிக்கும் மூண்ட பூசல் நெடுநாள் நீடித்தது. 1902இல் நோபெற் பரிசு றொஸ் ஒருவருக்கே கிடைத்தது. அறிஞர் பூசல் ஈண்டு விரித்தற்குரியதன்று. மருத்துவன் கண்ட ஒட்டுண்ணிக்கு விலங்கியலாளன் கண்ட பெயரும் வேண்டியதாயிற்று என்பதே இவ்வரலாற்றுக்கு வேண்டுவது.

அதன்பின் நுளம்புகளைத் திரட்டும் பணி அரசியற் கடமையாயிற்று. பிரித்தானியக் குடியேற்றநாட்டு மந்திரி சேம்பலின் 1898இல் விடுத்த வேண்டுகோளின்படி உலகின் பல பாகங்களிலிருந்தும் நுளம்புகள் இலண்டன் நூதனசாலைக்கு வந்து குவிந்தன. அவற்றை ஆராய்ந்த தியோபால்ட் 1901 முதல் 1910 வரை ஐந்து பாகங்களாகப் பெருநூலொன்றை வெளியிட்டார். சிறகிலும் உடலிலும் உள்ள செதில்களின் வடிவையே அவர் அளவையாகக் கொண்டார். அகன்ற செதிலுடையது ஒரு சாதி, ஒடுங்கிய செதிலுடையது வேறொரு சாதி எனப் பிரித்துப் பிரித்து, மைகன் கண்ட ஒரே அனோபிலிஸைப் பல சாதிகளாகச் சிதறடித்தார். பின்வந்த எட்வேட்ஸ், கிறிஸ்தோபர்ஸ் முதலியோர் அச்சாதிகளை மீண்டும் ஒன்றாக்கினர். வகையீட்டியல் இவ்வாறு பிரிப்போர்க்கும் சேர்ப்போர்க்கும் இடையே ஊசலாடுவது வழக்கம். எனினும் தியோபால்டை எள்ளுவது முறையன்று. அவர் நூல் இன்றேல் சேர்ப்பதற்கே ஒன்றும் இருந்திராது.

இந்நிலையில் ஐரோப்பாவிலே ஒரு பெரும் புதிர் தோன்றியது. அனோபிலிஸ் மக்குலிபென்னிஸே மலேரியாவைப் பரப்புவது என்பது உறுதியாயிருந்தது. ஆனால் அந்நுளம்பு இங்கிலாந்தின் பண்ணைகளிலும், பிரான்சின் வடபாகத்திலும், ஜெர்மனியிலும், காய்ச்சலற்ற இத்தாலியச் சமவெளிகளிலும் மிகுதியாய்க் காணப்பட்டது. மனிதரும் உளர்; நுளம்பும் உளது; ஒட்டுண்ணி கொண்ட நோயாளரும் இடையிடையே வந்து சேர்வர்; ஆயினும் நோய் வேரூன்றவில்லை. நுளம்பிருந்தும் மலேரியா இல்லாமை என்னும் இந்நிலைக்குப் பலரும் பலவாறு விடை கூறினர். றூபோ என்னும் பிரெஞ்சு அறிஞர், சில ஊர்களின் நுளம்புகள் மாட்டின் தடித்த தோலைத் துளைக்கத்தக்க வாய்ப்பற்களை மிகுதியாகப் பெற்றிருப்பதால் மனிதரை விட்டு மாட்டை நாடுகின்றன என்றார். பலர் நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பற்களை எண்ணத் தொடங்கினர். எண்ணிக்கைகள் ஊருக்கூர் வேறுபட்டன, தெளிவு பிறக்கவில்லை.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இத்தாலியச் சுகாதாரப் பகுதியில் அலுவல் பார்த்தவரான பலெரோனி என்பவர், பெண் நுளம்புகளைத் தனித்தனியே அடைத்து வைத்து அவை இடும் முட்டைகளை நோக்கினார். அனோபிலிஸ் முட்டை நீர்மேல் மிதப்பது. அதன் இருபக்கமும் காற்று நிறைந்த மிதவைகள் உண்டு. மேற்புறத்தில் கருமையும் வெண்மையும் கலந்த கோலமும் உண்டு. சில தாய் நுளம்புகள் இரு கரும்பட்டைகளையுடைய முட்டைகளையும், சில சிதறிய கோலமுடையவற்றையும், சில சாம்பல் நிறமானவற்றையும் இட்டன. ஒரு தாய் இட்டவை யாவும் ஒரே கோலத்தன; அவள் மகளிர் இட்டவையும் அவ்வாறே. வளர்ந்த நுளம்புகளையோ எவராலும் வேறுபிரித்தறிய முடியவில்லை. 1926இல் பலெரோனி தாம் கண்ட வகைகளுள் இரண்டிற்கு மெஸ்ஸியே, லாப்றாங்கியே எனத் தம் துறையினர் இருவரின் பெயரை இட்டார். அடுத்த ஆண்டில் ஒல்லாந்தரான வான் தீல் குறுஞ்சிறகுடைய வகையொன்றை அத்றோபார்வஸ் எனப் பிரித்தார்.

பலெரோனியின் கட்டுரை சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1930களின் தொடக்கத்தில் ஹக்கெற், மார்ற்றினி, மிஸிறோலி ஆகியோர் அதனைக் கையிலெடுத்து, ஐரோப்பா முழுவதிலும் முட்டைகளைத் திரட்டினர். முட்டைக் கோலங்களின் படமும் மலேரியாவின் படமும் ஒன்றன்மேலொன்று பொருந்தின. தென்னித்தாலியின் கரையோரத்திலும் சார்டீனியாவிலும் நோய் பரப்பியது லாப்றாங்கியே. ஒல்லாந்தின் உவர்நீர்க் கரையில் அத்றோபார்வஸ். பால்கன் நாடுகளிற் சாக்கறோவி. மெஸ்ஸியேயும் இயல்பான மக்குலிபென்னிஸும் பெரும்பாலும் மாட்டுத் தொழுவத்திலே தங்கி மாட்டின் குருதியையே குடித்தன. ஒரே இனம் என்று நூறாண்டுக்கு மேலாகக் கருதப்பட்டது உண்மையிலே பல இனங்களின் கூட்டமாயிருந்தது. மாறுபட்டது நுளம்பின் குணமன்று, நுளம்பே வேறு. இதனை அறியாத காலத்தில் நோய் பரப்பாத நுளம்பை ஒழிப்பதற்குச் செலவிட்ட பொருள் சிறிதன்று.

இங்கே இனம் என்னும் கருத்தே மாறிவிட்டது என்பது கருதத்தக்கது. லின்னேயஸும் தியோபால்டும் உருவ வேற்றுமையே இன வேற்றுமை எனக் கொண்டனர். முட்டை காட்டிய பாடமோ, உருவம் ஒன்றாயிருப்பினும் தம்முள் கலந்து இனம்பெருக்காத கூட்டங்கள் வேறினங்களே என்பது. இவற்றை உடன்பிறப்பினங்கள் என்பது பொருந்தும். ஆபிரிக்காவின் கொடிய அனோபிலிஸ் காம்பியேயும் இத்தகைய கூட்டமே என்பது 1960களில் டேவிட்சன், பற்றேசன் முதலியோர் செய்த கலப்புச் சோதனைகளால் வெளிப்பட்டது. வெவ்வேறு கூட்டத்து நுளம்புகளைச் சேர்த்தபோது பிறந்த ஆண் வழித்தோன்றல்கள் மலடாயிருந்தமையே அதற்குச் சான்றாயிற்று.

இனி இலங்கைக்கு வருவோம். இந்நாட்டில் இருபதுக்கு மேற்பட்ட அனோபிலிஸ் இனங்கள் உள. அவற்றுள் ஒன்று கியூலிசிபேசிஸ். மத்திய இந்தியாவிற் கிடைத்த நுளம்புகளைக் கொண்டு கைல்ஸ் என்னும் படை மருத்துவர் 1901இல் இட்ட பெயர் அது. கியூலெக்ஸின் தோற்றமுடையது என்பது அதன் பொருள். பொதுவாக அனோபிலிஸ் சுவரில் இருக்கும்போது வாலை உயர்த்திச் சாய்வாய் நிற்கும். இவ்வினமோ கியூலெக்ஸ் போலச் சுவரோடு ஒத்துப் படிந்திருக்கும். உருவிற் சிறியது, காலில் வெண்வளையமில்லாதது, சிறகின் மூன்றாம் நரம்பு பெரும்பாலும் கருமையானது. அருகில் வாழும் புளூவியாற்றிலிஸிலிருந்து அதனைப் பிரிப்பதற்கு இந்நரம்பின் நிறம் பெரிதும் உதவும். குளத்தோரங்களிலும் அழுக்கு நீரிலும் பல்கிப் பெருகும் சப்பிக்ரஸ் எங்கும் கண்ணிற்படும். கியூலிசிபேசிஸோ தெளிந்த நீரை நாடுவது. வெயில் படும் மணற்குழியிலும் ஆற்றுப்படுகைத் தேக்கத்திலும் முட்டையிடுவது. 1920களில் இலங்கையின் நுளம்புகளை ஆராய்ந்த கார்ட்டர், 1927இல் வெளியான தம் அறிக்கையில் மலேரியாவைப் பரப்புவது இக்கியூலிசிபேசிஸே எனத் தெளிவுபடுத்தினார். எண்ணிக்கையில் மிக்கது குற்றவாளியன்று என்பதே அவ்வறிக்கையின் பயன்.

அதன் உண்மை ஏழாண்டுகளில் மிகக் கொடிய முறையில் மெய்ப்பட்டது. 1934இல் மழை பொய்த்தது. தென்மேற்கு ஈரவலயத்தின் ஆறுகள் வழக்கமாகப் பெருகி ஓடுவன. ஓடும் நீரிற் கியூலிசிபேசிஸ் குடம்பிகள் நிலைக்கமாட்டா. அவ்வாண்டிலோ மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுகையிற் குட்டை குட்டையாகத் தேங்கின. வறண்ட வலயத்திற்குரிய நுளம்பு ஈரவலயத்தின் நடுவே பெருகியது. கேகாலை, குருநாகல் பகுதிகளின் மக்கள் முன்பு அந்நோய்க்குப் பெரிதும் பழகாதவர். ஆதலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர். 1934இன் கடையிலும் 1935இன் தொடக்கத்திலும் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். சுமார் 80,000 பேர் மாண்டனர். வீடுதோறும் நோயாளர், பல வீடுகளில் நீர் கொடுப்பதற்கும் எழுந்து நிற்பாரில்லை. மழையே மலேரியாவைத் தரும் என எண்ணியிருந்தார்க்கு, வறட்சி அதனைத் தந்தமை விளங்காப் புதிராயிருந்திருக்கும். எந்த இனம், அது எங்கே முட்டையிடும் என்பதை அறிந்தார்க்கு அதிற் புதிர் ஒன்றுமில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின் டீ. டீ. ரீ. மருந்து வீடுகளின் சுவரிற் தெளிக்கப்பட்டது. கியூலிசிபேசிஸ் குருதி குடித்தபின் வீட்டுச் சுவரிலே தங்கி இளைப்பாறும் இயல்பினதாதலின் அம்முறை நன்கு பலித்தது. 1946இல் 27 இலட்சத்திற்கு மேலாயிருந்த நோயாளர் தொகை 1963இல் வெறும் 17 ஆயிற்று. தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டும் எழுந்து ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோரைப் பற்றியது. அப்போது நுளம்பு டீ. டீ. ரீ.யை எதிர்க்கும் ஆற்றலும் பெறத்தொடங்கியிருந்தது. பின்னர் மலத்தியோன் அதனிடத்தைப் பிடித்தது.

அக்காலத்தே கியூலிசிபேசிஸும் ஓரினமன்று என்னும் ஐயம் கிளம்பியது. இம்முறை முட்டை உதவவில்லை, நிறமூர்த்தமே உதவியது. நுளம்பின் உமிழ்நீர்ச்சுரப்பியிலும், குருதி குடித்து முட்டை முதிரும் பெண்ணின் சூலகத்திலும், மிகப் பருத்த நிறமூர்த்தங்கள் உள. சாயமூட்டினால் அவற்றிற் குறுக்குவரிகள் தோன்றும். நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தால் அவ்வரிகளின் ஒழுங்கும் திரும்பியிருக்கும். இரு ஒழுங்குகளும் ஒரே ஊரிற் காணப்பட்டும், இரண்டும் கலந்த ஒரு நுளம்பேனும் காணப்படாவிடின், அவ்விரு கூட்டங்களும் தம்முட் கூடுவதில்லை என்பது பெறப்படும். 1980இல் கிறீன், மைல்ஸ் என்போர் இவ்வழியால் கியூலிசிபேசிஸை ஏ, பீ என இரண்டாகப் பிரித்தனர். சுப்பராவும் அவர் துணைவரும் இந்தியாவிற் சீ, டீ என மேலும் இரண்டைக் கண்டனர். இவற்றுள் ஏ நோய் பரப்புவது. பீ பெரும்பாலும் மாட்டின் குருதியையே நாடுவதாதலின் இந்தியாவில் நோயைப் பரப்புவதாகக் கருதப்படவில்லை.

இலங்கையில் ஆராய்ந்தோர்க்கோ பீ ஒன்றே கிடைத்தது. ஐரோப்பியப் புதிர் இங்கே தலைகீழாக நின்றது. அங்கே நுளம்பிருந்தும் நோயில்லை. இங்கே நோய் பரப்பாத நுளம்பு 80,000 உயிரைக் கொண்டதெனச் சொல்லவேண்டிய நிலை. பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமேசுவரத் தீவிலும் இதே முரண் காணப்பட்டது. அங்கே பீ எனக் குறிக்கப்பட்ட நுளம்புகள் மலேரியா ஒட்டுண்ணியைச் சுமந்திருந்தன. பருத்த நிறமூர்த்தத்தின் வரிகளில் வேற்றுமையில்லை. ஆய்வாளர் ஆண்களின் வய் நிறமூர்த்தத்தை நோக்கினர். சில குடும்பங்களில் அது ஒரு நுனியில் மட்டும் கரம் நீண்டது. சிலவற்றில் இருபுறமும் கரமுடையது. பின்னதே நோய் பரப்புவது. 1999இல் அதற்கு ஈ என்னும் எழுத்து வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே சுரேந்திரனும் அவருடன் ஆய்ந்தோரும் இலங்கையிலும் பீ, ஈ ஆகிய இரண்டும் உள என்பதையும், நோய் பரப்பும் ஆற்றலில் அவை வேறுபடுவன என்பதையும் வெளியிட்டனர். ஒரு பெண் நுளம்பு எவ்வினம் என்று துணிவதற்கு அவள் ஈன்ற ஆண்மக்களின் நிறமூர்த்தத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. மைகன் கைவில்லையாற் கண்ட பரிசக்கொம்பிலிருந்து கலை எத்துணைத் தூரம் வந்துவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை.

இலங்கையில் உள்நாட்டிலே தோன்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012இற் பதிவாயினர். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அவ்வாண்டு திசெம்பரிலேயே மன்னார்த் தீவில் அதுகாறும் இலங்கையில் அறியப்படாத அனோபிலிஸ் ஸ்ரெபென்சி கண்டுபிடிக்கப்பட்டது. 1901இல் லிஸ்ரன் பெயரிட்ட இவ்வினம் இந்திய நகரங்களின் கிணற்று நுளம்பு. 1911இல் பென்ற்லி பம்பாயின் மலேரியாவிற்குக் காரணம் காட்டியதும், அந்நகரின் கிணறுகளை மூடவைத்ததும் இதுவே. ஆறில்லாக் குடாநாடாகிய யாழ்ப்பாணத்திற்குக் கியூலிசிபேசிஸின் மணற்குட்டை அந்நியமானது. கிணறோ ஒவ்வொரு வளவிலும் உளது. சில ஆண்டுகளில் இந்நுளம்பு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. பரிசக்கொம்பிலும் காலிலும் தெளித்தாற்போன்ற வெண்புள்ளிகள் உண்மையால் பயின்ற கண் அதனை அறியும்; குடம்பிகள் சிறியனவாயின் பரம்பரைப் பொருளின் வரிசையைக் கொண்டு உறுதிசெய்வர். ஸ்ரெபென்சிக்குள்ளும் நகர்வகை, ஊர்வகை, இடைவகை என மூன்று சொல்லப்படுகின்றன. 1937இல் சுவீற், ராவ் ஆகிய இருவர் தொடங்கிய அப்பகுப்பிற்கு அடிப்படை, முட்டையின் மிதவையிலுள்ள வரைகளின் தொகை. அம்மூன்றும் ஓரினத்தின் வகைகளா, தனித்தனி இனங்களா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்திலது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பிடித்த பெண் நுளம்புகளைத் தனித்தனிக் குவளையில் முட்டையிடவிட்டு, பலெரோனி செய்தவாறே, ஆய்வுகூடத்தில் அவ்வரைகளை எண்ணி வருகின்றனர்.